அளவு நாடா முதலில், அனுமதி அட்டை பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் கார் நிறுத்துவதற்கு, அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணத்தில் பர்மிட் கொடுக்கலாம் என்ற யோசனை, வாகன நிறுத்தக் கொள்கை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே எழுகிறது. பர்மிட் வர வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் ஒரு தெருவுக்கு எத்தனை பர்மிட் என்பதை அங்கே நிற்கும் கார்களை எண்ணி முடிவு செய்யக் கூடாது. தெருவை நாடா பிடித்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். இந்த வரிசை மாறினால் மிச்ச ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

200 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். தெருவை ஒட்டி நீளவாக்கில் ஒரு கார் நிற்க, முன்னும் பின்னும் ஒடித்து எடுக்கும் இடைவெளியோடு 6 மீட்டர் வேண்டும். இரு முனைகளிலும் லாரி திரும்புவதற்குப் பத்துப் பத்து மீட்டர் விட்டால் மிச்சம் 180 மீட்டர். ஆறால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 30 கார். அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இந்த 30 தான் வரும்.

தெருவில் இறங்கிப் பார்த்தால் கணக்கு வேறு. 50 அடி முகப்புள்ள மனைகள், அதாவது தலா 15 மீட்டர், வரிசையாக 12 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்றரை மீட்டர் கேட். கேட்டின் இரு பக்கமும் அரை மீட்டர் விடாவிட்டால் உள்ளிருந்து வரும் வண்டி வெளியே திரும்பாது. ஆக 4.5 மீட்டர் போய்விடுகிறது. மிச்சம் 10.5 மீட்டர். இதில் ஒரு கார் நிற்கும்; இரண்டுக்கு 12 மீட்டர் வேண்டும், இடம் இல்லை. ஆகவே 30 என்று காகிதத்தில் இருந்தது 12 ஆகிறது. அதிலும் டிரான்ஸ்பார்மர் ஓரிடம், மின்வாரியப் பில்லர் பாக்ஸ் ஓரிடம், குப்பைத் தொட்டி ஓரிடம், மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிரப்பும் பிளாஸ்டிக் தொட்டி ஓரிடம் என்று கழித்தால் கடைசியில் நிற்பது எட்டோ ஒன்பதோதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் திட்ட அனுமதி கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மனைகளின் கேட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தால், 10.5 மீட்டராகத் துண்டுபட்டுக் கிடக்கும் இடங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 21 மீட்டராகும். 21 மீட்டரில் மூன்று கார் நிற்கும். அதே தெருவில், அதே மனைகளில், எண்ணிக்கை 12-லிருந்து 17 ஆகும். புதிய கட்டடத்துக்கு வரைபட ஒப்புதல் தரும்போது கேட் எந்த மூலையில் வருகிறது என்று பார்த்தாலே போதும், செலவில்லாமல் ஐந்து இடம் கிடைக்கும்.

நீளத்தைவிட அகலம்தான் கறாரானது. தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஆட்கள் கதவைத் திறந்து இறங்கி, குழாயை இழுத்துக்கொண்டு ஓட இடம் விட்டால் தெருவில் மூன்றரை மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். நிற்கும் கார், கண்ணாடியையும் ஓர இடைவெளியையும் சேர்த்து 2 மீட்டரை எடுத்துக்கொள்ளும். 30 அடித் தெருவில் இரு பக்க மழைநீர் வடிகால் மூடிகளும் போக வண்டி ஓடும் பகுதி சுமார் 7 மீட்டர். ஒரு பக்கம் நிறுத்தினால் 5 மீட்டர் மிஞ்சும். இரு பக்கமும் நிறுத்தினால் 3 மீட்டர்தான், தீயணைப்பு வண்டி நுழையாது. எனவே 30 அடித் தெருவில் ஒரு பக்கம் மட்டுமே. 40 அடித் தெருவில் நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் 1.8 மீட்டரை இரு புறமும் விட்டாலும் இரண்டு வரிசை கார் நிற்கலாம். 20 அடித் தெருவில் காருக்கு ஒரு பர்மிட்கூடக் கொடுக்க முடியாது. மாம்பலத்திலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் அப்படித் தெருக்கள் நிறைய இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்களுக்கு இது கசக்கும். என்றாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அளக்கப் போகிறவர்கள் தரையையும் பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடை மூடியின் மேல் கார் நின்றால், நீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்தும் வேலை நடக்காது. அடைப்பு எடுக்க, அதற்கு முன்னால் உள்ள மூடி, பின்னால் உள்ள மூடி இரண்டையும் திறக்க வேண்டியிருக்கும். ஒன்றின் மேல் பூட்டிய கார் நின்று, உரிமையாளர் வெளியூர் போயிருந்தால் அன்று அந்தத் தெருவே கழிவுநீரில் நிற்கும். மழைநீர் வடிகாலின் வண்டல் தொட்டி மூடிகளும் அப்படியே. கோடு போடும்போது ஒவ்வொரு மூடியைச் சுற்றியும் ஒரு மீட்டர் வெறுமையாக விட்டுவிட்டால் போதும். பிறகு சரிசெய்ய நினைத்தால் கொடுத்த பர்மிட்டைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

பர்மிட் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 127-ஆம் பிரிவின்படி பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியை அப்புறப்படுத்தவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். இரவு எட்டு மணிக்கு வாசலில் நிறுத்திக் காலை எட்டு மணிக்கு எடுக்கும் கார் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறது. அதாவது இன்று தெருவில் இரவைக் கழிக்கும் கார்கள் அத்தனையும் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவை. 117-ஆம் பிரிவின் கீழ் உள்ளாட்சியைக் கலந்து நிறுத்துமிடங்களை அரசு வரையறுக்கலாம். பர்மிட் திட்டத்தை அந்தப் பிரிவின் கீழ் முறையாக அறிவித்தால்தான் கட்டணம் கட்டியவருக்குப் பாதுகாப்பு. வெறும் மாநகராட்சித் தீர்மானத்தோடு நிறுத்திவிட்டால், மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டிய காரையே போக்குவரத்துக் காவல்துறை இழுத்துச் செல்லும் நிலை வரும்.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் தெளிவாக வேண்டும். பர்மிட் என்பது அந்தப் பகுதியில் காலியாக உள்ள கோட்டுக்குள் நிறுத்தும் உரிமை. வீட்டு வாசல் யாருக்கும் சொந்தமாகிவிடாது. இன்று பல தெருக்களில் உடைந்த பூந்தொட்டி, மணல் மூட்டை, பழைய டயர், சொந்தச் செலவில் எழுதிய ‘நோ பார்க்கிங்’ பலகை இவற்றை வைத்து ஆளாளுக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். பர்மிட் கொடுக்கத் தொடங்கும் அன்றே இவை எல்லாம் அகல வேண்டும். உறை போட்டு மூடி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் கார்களுக்குப் புதுப்பித்தல் கூடாது.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எல்லா ஊரும் தடுமாறுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள முகவரியைக் கேட்டால் வாடகைக்கு இருப்பவர்கள் வெளியே போய்விடுவார்கள். மதுரையிலோ கோவையிலோ பதிவான வண்டியோடு வந்து பத்து ஆண்டாக இங்கே வசிப்பவர்கள் ஏராளம். முகவரி மாறினால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் செய்பவர்கள் குறைவு. வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டால் பதிவு செய்யாத ஒப்பந்தங்களே அதிகம். மின் இணைப்பு எண் எல்லா வீட்டிலும் உண்டு. வாடகைதாரர் கையிலும் அட்டை இருக்கும். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று இணைப்பு வைத்திருப்பவர்களும் உண்டு. அதை மட்டும் நம்பினால் ஒரு வீட்டுக்கு மூன்று பர்மிட் போகும். ஆகவே மின் இணைப்பு எண்ணைச் சொத்து வரி மதிப்பீட்டு எண்ணோடு இணைத்து, ஒரு குடியிருப்புக்கு ஒரு பர்மிட் என்று வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆர்.சி. முகவரியை மாற்ற ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, அதுவரை தற்காலிக பர்மிட் தரலாம்.

முன்னுரிமையில், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் கார் இடமே இல்லாத பழைய வீடுகள் முதலில் வர வேண்டும். வரைபடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்களுக்கிடையே தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடம்) காட்டி அனுமதி வாங்கிவிட்டு, அந்தத் தரைத்தளத்தைக் கடையாகவோ கிடங்காகவோ மாற்றிய கட்டடங்களுக்குத் தெருவில் இடம் கொடுப்பது தவறுக்குப் பரிசு கொடுப்பதாகும். ஸ்டில்ட் இடத்தைப் பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல், மும்பை நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அது குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான இடம். முதலில் அதை மீட்டுவிட்டு, பிறகு தெருவில் எத்தனை கார் மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.

இன்னொரு பிரிவினர் இந்தப் பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகிறார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் சொந்த டாக்ஸி, ஷேர் ஆட்டோ, குட்டி லோடு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களின் வண்டி மஞ்சள் பலகை என்பதற்காகவே ‘வணிக வாகனம்’ என்று தள்ளிவிடக் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் சோறு. ஒரு குடியிருப்புக்கு ஒன்று என்ற அதே விதியில், பெயரளவுக் கட்டணத்தில் அவர்களுக்கும் தர வேண்டும்.

கட்டணத்துக்கு வருகிறேன். பெங்களூரு 2021-ல் ஏற்றுக்கொண்ட பார்க்கிங் கொள்கை 2.0-வில் ஆண்டுக்குச் சிறிய காருக்கு 1,000 ரூபாய், நடுத்தரக் காருக்கு 3,000 முதல் 4,000, பெரிய எஸ்.யூ.வி.க்கு 5,000 என்று வைத்தார்கள். காரின் நீளத்தோடு கட்டணம் ஏறுவது நியாயம். நம் ஊரிலும் 4 மீட்டருக்குக் கீழ், மேல் என்று பிரிக்கலாம். ஆனால் வசூலையே நோக்கமாக வைத்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். லண்டனின் பார்னெட் கவுன்சில் குடியிருப்போர் பர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியபோது, வேறு செலவுகளுக்குப் பணம் திரட்ட இந்தக் கட்டணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2013-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கே வசூலாகும் பணமும் அந்தந்த வார்டின் கோடு, நடைபாதை, கண்காணிப்புக்கே போக வேண்டும்.

கண்காணிப்பு என்றதும் ஒரு சிறு கணக்கு. தமிழ்நாட்டில் தவறாக நிறுத்தினால் அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500. பர்மிட் 3,000 ரூபாய் என்று வைத்து, ஆண்டில் இரண்டு முறைதான் பிடிபடுவார் என்றால் அவருக்குச் செலவு 2,000. பர்மிட் எடுக்காமல் இருப்பதே லாபம். மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு தெருவிலும் இரவுச் சோதனை நடந்தால்தான் இந்தக் கணக்கு மாறும். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரதி எடுத்துவிடுவார்கள். வண்டி எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் பர்மிட் உண்டா இல்லையா என்று காட்டும் பதிவேடே போதும். வந்துபோகும் உறவினர்களுக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் நர்சுக்கும் நாள் பாஸ் வேண்டும். அதையும் வண்டி எண்ணோடு கட்டாவிட்டால் பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு விற்றுவிடுவார்கள்.

எந்த நேரத்துக்கு பர்மிட் என்பதும் தெருவுக்குத் தெரு மாறும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் ஆர்லிங்டனில், பக்கத்து அலுவலகங்களுக்கு வருவோர் குடியிருப்புத் தெருக்களை நிரப்பியதால், வேலை நாட்களில் பகல் நேரத்துக்கு மட்டும் பர்மிட் வைத்தார்கள். 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இங்கே கிரீம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களுக்கு ஆஸ்பத்திரி வண்டிகளால் பகல் முழுவதும் தொல்லை, தி.நகரில் மாலையும் பண்டிகைக் காலமும். கல்யாண மண்டபம் உள்ள தெருவில் முகூர்த்த நாட்கள். பிரச்சினை இரவில் மட்டும் என்றால் இரவு பர்மிட் போதும்.

இரு சக்கர வண்டிகளை மறந்துவிட்டுத் திட்டம் போட வேண்டாம். ஒரு காரின் 6 மீட்டரில் ஆறு பைக்குகள் குறுக்காக நிற்கும். 20 அடித் தெருவில் வளைவில்லாத இடத்தில் அதற்கு மட்டும் கோடு போட்டாலே அங்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். கார் வைத்திருப்பவர்களுக்கு மாநகராட்சிப் பள்ளி மைதானங்களின் ஓரத்தை இரவு 9 முதல் காலை 7 வரை திறந்துவிடலாம். தணிகாசலம் சாலையில் உள்ளதுபோன்ற பல அடுக்கு நிறுத்தகங்களில் இரவு இடங்களை அருகிலுள்ள பர்மிட்காரர்களுக்கு ஒதுக்குவதும் இந்தக் கணக்கில் சேரும். ஒவ்வொரு கனமழைக்கும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை ஏற்றி நிறுத்துகிறார்கள். தாழ்வான தெருக்களின் பர்மிட்டில், வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கை வந்தால் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்ற இடமும் அச்சாகி இருக்க வேண்டும்.

ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டு, வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் (இன்று அது 2 கிலோமீட்டர்) நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும் என்று வைத்தார்கள். அதை இங்கே கொண்டுவரலாம் என்போர், இடம் இருப்பதாக யாரோ எழுதிக் கொடுக்கும் தாளை யார் நேரில் போய்ச் சரிபார்ப்பார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாநகராட்சிக்கும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கும் என் வேண்டுகோள்: விண்ணப்பம் வாங்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு தெருவின் அளவு வரைபடத்தையும், கேட், மூடி, பில்லர் பாக்ஸ் குறித்து, எத்தனை இடம் என்ற எண்ணோடு வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் அதை மக்கள் பார்த்துத் திருத்தம் சொல்ல 30 நாள் கொடுங்கள். அந்த எண்ணுக்கு மேல் ஒரு பர்மிட்கூட அச்சடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை