காணிக்கை வேண்டாம், முன்பணம் கேள்

பொறையாறு
ஐப்பசி 3

அன்புள்ள சேவியர்,

வாட்ஸாப்பில் நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பதிலையும் அதிலேயே தட்டியிருக்கலாம். ஆனால் உன் படப் புத்தகத்துக்கு மக்களிடம் எப்படிப் பணம் திரட்டுவது என்று நீ கேட்டிருக்கும் கேள்வி கட்டை விரலால் பதில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

முதலில் ஊர் சேதி. இந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, சம்பா நடவு ஓடிக்கொண்டிருக்கிறது. மூத்தவளுக்குக் காரைக்காலில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை வேலை பாதியாகிவிட்டது, எல்லாரும் போனிலேயே அழைத்துவிடுகிறார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் குறைவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சுவிசேஷக் கதைகளை நம் டெல்டாவில் நிறுத்தி லினோகட்டில், அதாவது லினோலியத் தகட்டைச் செதுக்கி மை தடவி ஒற்றியெடுக்கும் முறையில், செதுக்கியிருக்கிறாய். வலை அலசுகிற பேதுரு தரங்கம்பாடிக் கரையில் குந்தியிருக்கிறார். அவருடைய கால் விரல்கள் விரிந்து ஈர மணலில் அழுந்தியிருக்கின்றன, சுண்டு விரல் நகம் பெயர்ந்திருக்கிறது. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிக்கும்போது கால் வரைய வராமல் எல்லா உருவத்தையும் வேட்டிக்குள் ஒளித்துவைத்த ஆள் நீ. இந்தக் காலை எப்போது கற்றுக்கொண்டாய்?

சபைப் பதிப்பகத்தார் இது ஞாயிறு பள்ளிக்கு ஆகாது என்றார்கள், வெளிப் பதிப்பகத்தார் இது மதப் புத்தகம் என்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். எதிர்பார்த்ததுதான். நம் மாதிரி ஆட்களுக்கு இரண்டு வாசலிலும் இடமில்லை. அதனால் மக்களிடமே திரட்டலாம் என்று யோசித்திருக்கிறாய், அதுவும் சரி. அதற்கு அடுத்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது: 'கை நீட்டக் கூச்சமாக இருக்கிறது, பிச்சை மாதிரித் தோன்றுகிறது.'

டெல்டாக்காரன் பேசுகிற பேச்சா இது? ஆடி மாதம் பேராவூரணிப் பக்கம் போய்ப் பார். பந்தல் போட்டு, பிளெக்ஸ் வைத்து, கறிச்சோறு ஆக்கி மொய் விருந்து நடத்துகிறார்கள். வாசலில் மேஜை, மேஜையில் நோட்டு, பக்கத்தில் அண்டா. பேரைச் சொல்லிப் பணத்தை வைத்துவிட்டு இலையில் போய் உட்காருகிறார்கள். அந்தப் பணத்தில்தான் போர்வெல் போடுகிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். யாரும் கூசவில்லை, ஏனென்றால் கணக்கு இருக்கிறது. அடுத்தவர் வீட்டு விருந்துக்கு, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து இவர் வைத்தாக வேண்டும். நீயும் அதேபோலக் கணக்குள்ள பணம் வாங்கு, கூச்சம் தானாகப் போய்விடும். நீ திருப்பி வைக்கப் போவது புத்தகம், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களிடம் பணம் கேட்பதற்குச் சுலபமான வழி வேறொன்று இருக்கிறது. 'ஊழியம்' என்று சொன்னால் போதும். ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு, ஒரு ஜெபம், ஒரு கவர். பணம் வரும், வராமல் இருக்காது. அந்த வழியில் மட்டும் போகாதே.

சாமுவேல் சார் மகன் நினைவிருக்கிறதா, வயலின் வாசிப்பானே? கீர்த்தனைகளை நாகஸ்வரம், தவிலோடு ஒலிப்பதிவு செய்ய நினைத்தான். நல்ல யோசனை. ஆனால் ஊழியத்துக்குக் காணிக்கை என்று கேட்டுவிட்டான். பணம் கொடுத்தவர்களில் ஒருவர், தவில் கோயில் சத்தம், எடுத்துவிடு என்றார். இன்னொருவர் நடுவில் ஐந்து நிமிஷம் ஒரு தேவ செய்தி வேண்டும் என்றார். மூன்றாமவர் தன் தகப்பனார் நினைவாக என்று முதலில் சொல்லச் சொன்னார். யாரிடமும் அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. காணிக்கை கொடுத்தவருக்குச் சபை முழுதும் சொந்தம் என்கிற நினைப்பு வந்துவிடுகிறது. கடைசியில் வெளிவந்தது கீபோர்டும் தாளப் பெட்டியும்தான். எல்லாரும் 'ஆசீர்வாதமாக இருந்தது' என்றார்கள். ஒருவராவது மூன்றாவது பாட்டில் சுருதி விலகியதைச் சொன்னாரா? சொல்லமாட்டார்கள். காணிக்கை கொடுத்த இடத்தில் தரம் கேட்பது நம் வழக்கத்தில் இல்லை.

இது இன்றைய வியாதி என்று நினைக்காதே. நான் குடியிருக்கிற ஊர்ப் பக்கத்திலேயே முந்நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் வேலை முழுக்க இப்படித் திரட்டிய பணத்தில் நடந்ததுதான். அவரும் கூட இருந்த மிஷனரிகளும் எழுதிய கடிதங்களை 1710 முதல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சிட்டுப் பரப்பினார்கள். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். இன்றைக்கு 'அப்டேட்' என்கிறார்களே, அதேதான். 1712-இல் லண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கத்தார் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்தது. மறுவருஷம் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியவையாக இருந்து காகிதத்தைத் தின்றதால் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. அதே காலத்தில் எங்கள் பொறையாற்றில் காகித ஆலைகூட வைத்தார்கள். பிரஸ்காரனாக எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் அதே சீகன்பால்கு, நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி விசாரித்து, படித்து, 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷனை நடத்திக்கொண்டிருந்த பிராங்கே அதை அச்சிடவே இல்லை. அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நினைப்பு. கையெழுத்துப் பிரதி ஒன்றரை நூற்றாண்டு கிடந்து 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. பணம் கொடுத்தவர் முகம் சுளிக்கக்கூடாது என்ற கவலை ஒரு நல்ல புத்தகத்தை எத்தனை காலம் முடக்கும் என்று பார்த்துக்கொள். உன் புத்தகத்தில் மரியாள் கண்டாங்கிச் சேலையில், கொசுவம் பின்னால் வைத்து நிற்கிறாள். உங்கள் பங்கில் யாராவது இதற்குக் கையைத் தூக்குவார்களா, மாட்டார்களா? நீயே சொல்.

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாருக்கு இந்தத் தொல்லை வேறு மாதிரி. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் அவரோடு கூடப் படித்த சரபோஜியே அரசரானார், ஆதரித்தார். ஒரே ஒரு புரவலர். நமக்கு அரசர் இல்லை, ஜிபே இருக்கிறது. ஐந்நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் அதில் எவரும் உன் கையைப் பிடித்து இழுக்க முடியாது. இதுதான் எனக்கு இந்த முறையில் பிடித்த ஒரே விஷயம் என்றுகூடச் சொல்வேன்.

நம் கும்பகோணத்திலேயே முன்மாதிரி உண்டு. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உ.வே.சா., 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது புத்தகம் வருமுன்பே கையொப்பம் வாங்கித்தான் பணம் சேர்த்தார். சமண நூல், பதிப்பித்தவர் சைவர். கையெழுத்துப் போட்டவர்கள் அவரிடம் எதிர்பார்த்தது நல்ல பதிப்பு ஒன்றைத்தான். இன்றும் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அதையே செய்கின்றன. நீயும் அதையே செய்.

கணக்கைச் சொல்கிறேன். புத்தகம் 600 ரூபாய் என்று வை, 500 பேர் முன்பணம் கட்டினால் நீ சொன்ன மூன்று லட்சம். விலையைக் குறைக்கச் சொல்லி உன் மனசு கேட்கும், கேட்காதே. செதுக்கிய மாதங்களில் நீயும் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய், அதுவும் செலவுதான். 500 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் பிளேட் கூலி ஒன்றுதான், காகிதமும் ஓட்டுக் கூலியும்தான் கூடும். அதனால் முதலிலேயே எத்தனை என்று முடிவு செய். தபால் செலவைத் தனியாக எழுது, அதில்தான் எல்லாரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்க முன்வருபவருக்கு நீ கையால் உருட்டி எடுத்த பிரிண்ட் ஒன்று, கையெழுத்தோடு. சாவிக்கொத்து, டீ கப் எல்லாம் வேண்டாம்.

இணையத்தில் மக்களிடம் பணம் திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டரில் போடலாமே என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தாய். இந்தியாவிலிருந்து அதில் திட்டம் போட வழியில்லை. ஆனால் அவர்களுடைய ஒரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: குறித்த தேதிக்குள் குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமும் பைசா வாங்குவதில்லை. நீயும் முதலில் பேரை மட்டும் எழுதி வாங்கு, 500 ஆனதும் பணத்தைக் கேள்.

வெளிநாட்டுப் பணத்தில் ஜாக்கிரதை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கிற தம்பி தன் சம்பளத்திலிருந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை. குடியுரிமை மாறிய, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் நன்கொடை என்று அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். புத்தகத்துக்கு விலையாக, வியாபாரமாகக் கொடுப்பது வேறு கணக்கு. உள்ளூரிலும் அப்படியே. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுவதற்கும் வரி உண்டு. விற்பனை என்றால் செலவு போக லாபத்துக்குத்தான் வரி, அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. சட்டமே நான் சொல்கிற பக்கம் நிற்கிறது பார்! இருந்தாலும் ஆடிட்டரை ஒரு தடவை கேட்டுவிடு.

தேதி கொடுக்கும்போது தாராளமாகக் கொடு. 2014-இல் ஓர் அமெரிக்க வடிவமைப்பாளர், வசன எண்கள் இல்லாமல் சாதாரணப் புத்தகம் போல வாசிக்கும்படி வேதாகமத்தைப் பல தொகுதிகளாக அச்சிட 37,000 டாலர் கேட்டார். 14 லட்சம் டாலருக்கு மேல் வந்து விழுந்தது. ஆள் தனி. மொழிநடையைத் திருத்துவது, அச்சு, கட்டு என்று வேலை வளர்ந்துகொண்டே போய் 2016 கடைசியில்தான் புத்தகம் கைக்குப் போனது. அவராவது எழுதிச் சமாளித்தார். நம் ஊரில் தேதி தள்ளினால் மாதா கோயில் வாசலிலேயே பிடித்துக் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்பதற்குத்தான் முன்பணம்.

இலவசமாகவே கொடுத்து, பிடித்தவர்கள் கொடுப்பதில் ஓடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்டிலிருக்கிற பைபிள் ப்ராஜெக்ட் குழுவின் வேதாகம வீடியோப் படங்கள் அப்படித்தான், தமிழிலும் வருகின்றன. அது ஒரு ஸ்டூடியோ நிறைய ஆட்கள் செய்கிற காரியம். உனக்கு ஒரு ரோலர், ஒரு உளி.

கொடுத்தவர்கள் பெயரைப் பின்பக்கம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்பது காணிக்கைக்கு. முன்பணக்காரர் பெயரைத் தாராளமாகப் போடு, அகர வரிசையில், தொகை இல்லாமல்.

என் பேரில் ஐந்து பிரதி எழுதிக்கொள். ஒன்று பிரஸ்ஸுக்கு, ஒன்று எங்கள் போதகருக்கு, மற்றவை இருக்கட்டும். அச்சு வேலையை எனக்கே கொடு என்று கேட்க மாட்டேன். என்னிடம் இருக்கும் மிஷினில் உன் கறுப்பு சாம்பலாகத்தான் விழும். சிவகாசியில் தெரிந்தவர் இருக்கிறார், கூடவே வந்து முதலில் அச்சாகி வரும் தாளைப் பார்த்துத் தருகிறேன். பஸ் செலவு உன்னுடையது.

ஸ்டெல்லாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். டிசம்பரில் வேளாங்கண்ணிக்கு வந்தால் இந்தப் பக்கம் இறங்காமல் போகாதே.

உன்,
ஞானராஜ்