பின்பக்க வாய்க்காலிலிருந்து தொடங்கு

கோத்தகிரி,
மாசிக் கடைசி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குந்தா பக்கம் இந்த வருஷம் உறைபனி தேயிலையைக் கருக்கியது போதாதென்று பச்சைத் தழை விலையும் படுத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். கேரட் போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் தெம்பாக இருக்கிறார்கள். முழங்கால் வலி நம் இருவருக்கும் பொதுச் சொத்து, அதை விடு. உங்கள் ஊர்ப் பொதுக் கட்டடத்தை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டாயே, அந்தப் பொதுச் சொத்துக்கு வருகிறேன்.

உள்ளாட்சி அலுவலகம், வி.ஏ.ஓ. அறை, கிளை நூலகம், அங்கன்வாடி, கீழே ரேஷன் கடை, பின்னால் பழைய தகரக் கூரை ஹால். உள்ளே இத்தனை பேர் இருந்தும் கட்டடத்துக்கென்று ஆள் இல்லை என்கிறாய். பராமரிப்புக் குழுவில் உன்னைப் போட்டதும் எல்லாரும் உன்னிடம் கேட்பது பெயின்ட் என்ன கலர் என்பது. பெயின்ட் கடைசி. முதலில் கட்டடத்தின் முதுகுப் பக்கம் போ.

மலையை வெட்டிக் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் உயிர் பின்பக்க வாய்க்காலில்தான். வெட்டிய மண்சுவருக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே குறைந்தது 3 அடி இடைவெளி வேண்டும். மண்வெட்டியோடு ஒரு ஆள் குனிந்து நிமிர அவ்வளவு இடம் வேண்டுமே. அந்த இடத்தில் இப்போது உடைந்த பெஞ்சும் பழைய தேர்தல் பெட்டியும் கிடக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஒவ்வொரு அலுவலகமும் தன் அறையைப் பூட்டிக்கொள்கிறது. யார் அறையும் இல்லாத இடத்தில் குப்பை சேர்கிறது, குப்பை சேர்ந்த இடத்தில் தண்ணீர் தங்குகிறது.

வாய்க்கால் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். அதன் அடிமட்டம் உள்ளறைத் தரையை விட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்கால் இருந்தும் தரை வழியே ஓதம் ஏறும். தண்ணீர் ஓட 100 அடிக்கு 1 அடி வாட்டம், அதாவது சரிவு, போதும். கண்ணால் பார்த்து வாட்டம் சொல்கிற மேஸ்திரியை நம்பாதே, தண்ணீர் நிறைத்த டியூப் லெவல் வைத்து மட்டம் பிடிக்கச் சொல். கடைசியில் இரண்டுக்கு இரண்டு அடியில் ஒரு சேற்றுத் தொட்டி. அது நிறைந்தால் வாய்க்கால் பின்னோக்கி நிறையும், அதனால் மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சேறு அள்ள வேண்டும். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கீழ்வீட்டுத் தேயிலைச் சரிவில் விட்டுவிடாதே. குழாய் போட்டு ஓடைவரை கொண்டுபோ. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் சரிந்த மண்ணை நீயும் மறந்திருக்க மாட்டாய். சரிவுக்குள் தண்ணீர் இறங்க விட்டால் மண்ணின் எடை கூடும், பிடிமானம் குறையும்.

வாய்க்காலுக்கு மேலே தடுப்புச் சுவர் இருக்கிறது அல்லவா, அதில் கசிவுத் துளைகளை எண்ணிப் பார். ஐந்தாறு அடிக்கு ஒன்று, நாலு அங்குலக் குழாய், வெளிப்பக்கம் சற்றே சரிந்து இருக்க வேண்டும். 'சுவர் அசிங்கமாக இருக்கிறது' என்று பூசி மூடியிருந்தால் அந்தப் பூச்சை உடனே உடை. மழை பெய்கிறபோது துளை ஒழுகினால் நல்லது. பெருமழையிலும் காய்ந்து கிடந்தால்தான் பயப்பட வேண்டும்; தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் நீ கை வைக்காதே, பொறியாளரைக் கூப்பிடு.

நூலகச் சுவரில் பச்சை பூத்திருப்பதாக எழுதினாய். அது கசிவா, அறைக்குள் படியும் ஈரமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடு. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் கோத்தால் வெளியிலிருந்து கசிகிறது, வாய்க்காலைப் பார். அறைப்பக்கம் துளி நின்றால் குளிர்ந்த சுவரில் படிகிற மூச்சுக்காற்று ஈரம், ஜன்னலைப் பார். பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் இருந்தால் திற, மூடுபனி ஏறினால் சாத்து. நாள் முழுக்கத் திறந்து வைப்பது காற்றோட்டம் என்று நினைத்துப் பனியை உள்ளே அழைக்கிறார்கள். புத்தக அலமாரி சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிற்கட்டும். வி.ஏ.ஓ. அறைப் பதிவேடுகளுக்கும் இதே விதிதான். பீரோவுக்குள் குண்டு பல்பு போட்டுச் சூடாக்குவது பழைய மலைப் பழக்கம். காகிதத்துக்குப் பக்கத்தில் அது வேண்டாம்.

பழைய ஹாலின் கல்சுவரில் சிமென்ட் பூச்சு உதிர்கிறதென்றால், அதற்கு மேல் இன்னொரு சிமென்ட் பூச்சு போட்டுப் பணத்தை அழிக்காதே. மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் மூச்சு விடும். சிமென்ட் அதன் வாயை அடைக்கும், ஈரம் இன்னும் மேலே ஏறி உப்புப் பூக்கும். தரையிலிருந்து 3 அடி உயரம்வரை சிமென்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று பூசு. மேலே வெள்ளையடிக்க, கிலோ சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முறை பூசு. நீர்த்த சுண்ணாம்பு மெல்ல மெல்லத்தான் கல்லாகும், அவசரப்படுகிற காண்ட்ராக்டருக்கு அது பிடிக்காது.

கூரைக்கு வருவோம். தகரத்தில் ஒழுகுகிற இடமும் உள்ளே சொட்டுகிற இடமும் ஒன்றல்ல. தண்ணீர் தகரத்தைத் தாங்கும் ரீப்பர் சட்டம் வழியே நாலடி ஓடிப் பிறகு சொட்டும். ஆளை மேலே ஏற்றுவதற்கு முன் உள்ளே விளக்கணைத்துப் பார், வெளிச்சப் புள்ளி தெரிகிற இடம்தான் ஓட்டை. தகரத்தைப் பிடிக்கிற ஜே போல்ட் நெளியின் மேட்டில் போக வேண்டும், பள்ளத்தில் போனால் வாஷர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒழுகும். தார் வாஷரை முறுக்கிப் பிழியவும் கூடாது, வாஷர் வெடித்துவிடும். கை இறுக்கத்துக்கு மேல் ஒரு சுற்றுப் போதும். புதுத் தகரம் போட்டால் மேல் கீழ் இணைப்பு 6 அங்குலம் ஏறியிருக்கட்டும், பக்க இணைப்பில் இரண்டு நெளி ஏறட்டும். உங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று அடிப்பதால், மேற்குப் பக்கத்துத் தகரம் மேலேயும் கிழக்குப் பக்கத்துத் தகரம் அடியிலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று இணைப்புக்குள் நுழைந்து தகரத்தைத் தூக்கும்.

தண்ணீர் அளவு ஒன்று சொல்கிறேன். ஹால் கூரை 150 சதுர மீட்டர் என்று வை. ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 60 மில்லிமீட்டர் பெய்தால் 9,000 லிட்டர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தக் கணக்கில் இந்த ஒரு கூரை மட்டும் 1,20,000 லிட்டர் கொட்டியிருக்கும். கூரையின் ஒரு சதுர மீட்டருக்கு இறங்கு குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டர் வாய் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நாலு அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 80 வரும். ஆக இரண்டு குழாய் போதும், குந்தா மழைக்கு மூன்றாவதாக ஒன்று போடு. சில்வர் ஓக் மரம் பக்கத்தில் நின்றால் கம்பி வலை மூடி கட்டாயம். அந்த இலை நனைந்தால் பசை போல் ஒட்டிக்கொள்ளும்.

முன்பக்கக் கான்கிரீட் தளத்தில் பாராபெட் கைப்பிடிச் சுவரின் அடியில் தண்ணீர் வெளியேறும் வாய் அடைத்தால் தளம் குளமாகும். நாலு அங்குலத் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. 100 சதுர மீட்டருக்குப் பத்து டன். அதனால் தளத்திலிருந்து 2 அங்குலம் உயரத்தில் இன்னொரு குழாய் சும்மா வெளியே நீட்டியிருக்கட்டும். அதில் தண்ணீர் கொட்டினால் கீழே வாய் அடைத்திருக்கிறது என்று ரேஷன் வரிசையில் நிற்பவருக்கும் தெரியும்.

பழைய ஹாலும் புதுக் கட்டடமும் சேருகிற இடத்து விரிசலைச் சிமென்ட் வைத்து அடைக்காதே. இரண்டும் தனித்தனியாக அமுங்கும், ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் விரியும். தார் கலந்த நிரப்பியை வைத்து, மேலே ஒரு தகரப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்துப் போர்த்து. இரண்டு பக்கமும் அடித்தால் அந்தப் பட்டையே கிழியும்.

மின்சாரத்தில் மலை அலுவலகங்களின் வியாதி ஹீட்டர். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகுவது வியப்பில்லை. ஹீட்டர் வைக்க வேண்டுமென்றால் 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், சுமை கூடினால் தானே விழுகிற எம்.சி.பி. சுவிட்ச் தனியாக ஒன்று. சிங்கிள் பேஸில் மூன்று அறையில் மூன்று ஹீட்டர் ஓடினால் மெயின் போகும், ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். ஒவ்வொரு அறைக்கும் துணை மீட்டர் போட்டுவிடு. அதோடு மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வை. மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றச் சொல்வார்கள், கழற்றாதே. ஈரச் சுவருக்குள் ஒயர் கசிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது அது.

கழிப்பறை பற்றி இரண்டு வார்த்தை. குளிரில் செப்டிக் தொட்டி மெதுவாகத்தான் செரிக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அதுவும் நின்றுபோகும். மழைத்தண்ணீர்க் குழாய் எதுவும் அதற்குள் போகக் கூடாது. குடிநீர்த் தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரைமணி விடு. வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் பறந்துபோய் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சியிருக்கும். தொட்டி மூடியைக் கம்பியால் கட்டு, குரங்கு திறக்கும்.

குரங்கை விடக் கரடி பெரிய செலவு. அங்கன்வாடி எண்ணெய் வாசனையும் ரேஷன் பாமாயிலும் அதற்கு அழைப்பிதழ். மரக்கதவு அதற்குக் காகிதம். இரும்புத் தகட்டுக் கதவு போட்டு, நிலையைச் சுவருக்குள் ஆழமாகப் பதி. அதைவிட முக்கியம், எண்ணெயை ஜன்னல் ஓரத்தில் வைக்காமல் உள்ளறையில் மூடிய டின்னில் வைப்பது.

இனிப் பணம். எல்லாருக்கும் சமபங்கு என்றால் சண்டைதான் மிஞ்சும். கூரை, சுவர், வாய்க்காலுக்குப் பரப்பளவுக் கணக்கு. மொத்தம் 4,000 சதுர அடியில் ரேஷன் கடை 600 என்றால் 15 சதவீதம். மின்சாரத்துக்கு மீட்டர். கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் ஆள் கணக்கு. நூலகத்திடம் பங்கு கேட்பதற்கு முன் ஒன்று பார்: 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி உங்கள் உள்ளாட்சி சொத்து வரியோடு வசூலிக்கிற நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியாயிற்றா? பாக்கி வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டால் அவர்கள் அந்த லெட்ஜரைத்தான் திருப்பிக் காட்டுவார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

இந்தப் பங்கீட்டை வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு பக்கத்தில் எழுதித் தீர்மானமாகப் போடு: எந்த அறை யாருடையது, சதுர அடி, மீட்டர் எண், சாவி எத்தனை. எல்லாச் சாவிக்கும் ஒரு மறுபிரதி அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். மாடிப்படிச் சாவியும் பின்பக்கக் கேட் சாவியும் யார் கையிலும் இல்லாத சாவிகள். அவற்றுக்குப் பெயர் சொல்லி ஆள் போடு. ஒரு நோட்டில் தேதி, இடம், கண்டது, செய்தது என்று நாலு கட்டம் போதும். எஸ்டிமேட் போடுகிற நாளில் அந்த நோட்டை விட நல்ல சாட்சி இல்லை.

காலக்கணக்கு மட்டும் மாறக் கூடாது. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். உங்களுக்கு ஜூனிலேயே பிடித்துவிடும். ஆகையால் வாய்க்கால், கூரை வேலை மே நடுவுக்குள் முடிந்தாக வேண்டும். இந்த வருஷ எஸ்டிமேட் ஏற்கெனவே தாமதம், அடுத்த வருஷம் தை பிறந்ததும் எழுதிவிடு. பனிக்காலத்தில் கான்கிரீட் போட நேர்ந்தால் காலையிலேயே போட்டு, பொழுது சாய்வதற்குள் சாக்கும் வைக்கோலும் போர்த்த வேண்டும். இறுகாத சிமென்டில் உறைபனி பட்டால் மேல்தோல் உரிந்துவிடும்.

இப்போதைக்கு ஒரு வேலை செய். பின்பக்கத்தைச் சுத்தம் பண்ணியதும் வாய்க்காலின் நீளம், இரண்டு முனையிலும் ஆழம், உள்ளறைத் தரை அதற்கு எத்தனை அங்குலம் மேலே என்று மூன்று அளவும் நாடா வைத்துப் பிடித்து எழுது. தடுப்புச் சுவர்த் துளைகளின் எண்ணிக்கையும் வேண்டும். அது வந்ததும் வாட்டம் போட்டு வரைந்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்