எங்கள் கேம் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் டீச்சர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். காசு விஷயத்தில் ஒரே ஒரு இடத்தைத் தவிர நான் வாய் திறக்கப் போவதில்லை.

கடந்த பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெண்கள் தலைமையில் இயங்கும் சிறு ஸ்டூடியோக்களின் கேம்களை வாங்கி, நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஆடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். "கேம் விளையாட ஒரு சங்கமா?" என்று அன்றைக்கே சிலர் சிரித்தார்கள். நம் பக்கத்தில் கேம் என்றால் பொடியன்கள் போனைப் பிடித்துக்கொண்டு ஃப்ரீ ஃபயரில் சுடுவது. அதைத் தவிர வேறொன்றும் யாரும் கண்டதில்லை. சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்று அங்கத்தவர்கள். பெயர் சொல்லவில்லை.

தெரிவு செய்வதில் நாலு நிபந்தனை வைத்தோம். நம்மிடம் இருப்பது பழைய லெப்டொப், அதில் ஓட வேண்டும். இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும், அல்லது டீச்சர் பக்கத்தில் இருந்து சொல்லக்கூடிய அளவுக்காவது இருக்க வேண்டும். மூன்றாவது, நேரம். நம் அம்மாமாரும் அக்காமாரும் கிழமையில் ஆறு நாள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு காலையில் உடுப்புக் கழுவல், விறகு, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கல் எல்லாம் முடிய இரண்டு மணி. ஐந்து மணிக்குத் திரும்பவும் அடுப்படி. நூறு மணித்தியாலம் ஆடவேண்டிய கேம் நமக்கு எதற்கு? சிறு ஸ்டூடியோக்களின் கேம்கள் பல ஒன்றிரண்டு பின்னேரங்களில் முடிந்துவிடுகின்றன. இந்த வருஷம் நம்மால் ஓட முடிந்ததற்கு அதுதான் பெரிய காரணம்.

நாலாவது நிபந்தனையில்தான் சண்டை வந்தது. பெண்கள் தலைமை என்றால் எது? முதலாளி பெண்ணாக இருந்தால் போதுமா, கேமை யோசித்துச் செய்தவர் பெண்ணாக இருக்க வேண்டுமா? 'அன்பேக்கிங்' கேமைச் செய்தது அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து விட்ச் பீம் ஸ்டூடியோ. அதைத் தொடங்கியவர்கள் ஆண்கள். ஆனால் அந்தக் கேமின் படைப்பு இயக்குநர் ரென் பிரையர் என்ற பெண். 'அல்பா' கதை மறுபக்கம். லண்டனில் இருக்கும் அஸ்டூ கேம்ஸின் தலைமை நிர்வாகி மரியா சாயன்ஸ், ஆனால் அந்தக் கேமின் படைப்புப் பொறுப்பு ஆண் கையில் இருந்தது. இரண்டு கூட்டம் இதிலேயே போனது, தேத்தண்ணிச் செலவுதான் மிச்சம். கடைசியில், கம்பனித் தலைமையிலோ கேமின் படைப்புத் தலைமையிலோ ஒரு பெண் இருந்தால் சரி என்று முடிவாகியது. தளர்ந்த விதிதான். இறுக்கியிருந்தால் நல்ல கேம்கள் சிலவற்றை நாம் பார்த்திருக்கவே மாட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

மார்ச் 8, மகளிர் தினத்தன்று முதல் நிகழ்ச்சி நடந்தது. கணினி கேம்களில் பெண்கள் நேற்று வந்தவர்கள் இல்லை என்பதைப் பற்றி உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் பேசினார். அமெரிக்காவில் ரொபர்டா வில்லியம்ஸ் என்பவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் கடதாசியில் திட்டம் போட்டுச் செய்த 'மிஸ்ட்ரி ஹவுஸ்' 1980இல் வெளிவந்தது. எழுத்தாக மட்டும் இருந்த சாகசக் கேம்களுக்குப் படம் சேர்த்தது அது. 1982இல் வந்த 'ரிவர் ரெய்ட்' கெரல் ஷோ என்ற பெண் எழுதியது. பேச்சு கொஞ்சம் நீண்டது, பரவாயில்லை. பலகாரம் நன்றாக இருந்தது.

இனி ஆடிய கேம்களுக்கு வருகிறேன்.

எல்லோருக்கும் பிடித்தது 'அன்பேக்கிங்'. 2021இல் வந்தது. ஒரு பெண் 1997இலிருந்து 2018 வரை எட்டுத் தடவை குடிமாறுகிறாள். ஒவ்வொரு தடவையும் பெட்டிகளைத் திறந்து சாமான்களை எடுத்து வைப்பது மட்டும்தான் நம் வேலை. அவள் முகத்தைப் பார்க்க மாட்டோம். பேச்சும் கிடையாது. கோப்பையை மேசையில் வைத்தால் ஒரு சத்தம், மெத்தையில் வைத்தால் வேறு சத்தம். முதல் நாள் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் மவுஸைப் பிடிக்கப் பயந்து பின்னால் போய் நின்றார். அரை மணித்தியாலத்தில் அவரே முன்னால் வந்து, "சட்டிய அங்க வைக்காதீங்க, கை எட்டாது" என்று கட்டளை போடத் தொடங்கிவிட்டார். "ஒரு ஆளுக்கு இத்தன சோடி சப்பாத்தா?" என்று ஒரு பாட்டி கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

2010ஆம் ஆண்டு வீட்டில்தான் சபை கொதித்தது. அந்தப் பெண் காதலனுடைய வீட்டுக்குப் போகிறாள். அவனுடைய சாமான்கள் எல்லா இடத்தையும் பிடித்திருக்கின்றன. இவளுடைய பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்ட இடமில்லை. எங்கே வைத்தாலும் கேம் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் அடுத்த வீட்டுக்குப் போகலாம். "அவன் சாமானத் தூக்கி வெளிய போடுங்க" என்றார்கள். போட முடியாது, நகர்த்த மட்டும்தான் முடியும். 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஏழு பேரோடு இருந்து படித்து வந்த ஒரு டீச்சர், தன் சான்றிதழ் இன்றைக்கும் அம்மாவின் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருப்பதாகச் சொன்னார். மாட்டச் சுவர் இல்லாமல் இல்லை, புகை பட்டுக் கறுத்துவிடும் என்ற பயம். அன்றைக்குக் கேமைவிடப் பேச்சுத்தான் அதிகம். இந்தக் கேமுக்கு 2022இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் கதைசொல்லலுக்கும், மக்கள் வாக்கில் ஆண்டின் சிறந்த கேமுக்கும் பரிசு கிடைத்தது. நமது வாக்கும் அதற்கே.

அப்புறம் 'பிஃபோர் ஐ ஃபொர்கெட்'. பிரிட்டனில் செல்லா ரமணன், கிளேர் மோர்வுட் என்ற இரண்டு பெண்கள் தொடங்கிய 3-ஃபோல்ட் கேம்ஸ் 2020இல் வெளியிட்டது. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். சுனிதா என்ற விஞ்ஞானிக்கு மறதி நோய். அவர் தன் வீட்டிலேயே அலைகிறார். வீடு நிறமில்லாமல் இருக்கிறது, ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர நிறமும் வருகிறது. நடுவில் அவருக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும். ஒரு கதவைத் திறந்தால் சாமான் அலுமாரி. அடுத்த கதவும் அதே அலுமாரி. அதற்கடுத்ததும் அதுதான். கீபோர்ட் அன்றைக்குத் தலைவரின் கையில் இருந்தது. திறந்து திறந்து பார்த்தவர் கையை எடுத்துவிட்டார். சுனிதாவுக்கு உடுப்பு நனைந்துவிடுகிறது. பின்வரிசையில் ஒருவர், தன் மாமியாரும் இப்படித்தான் வாசலில் நின்று முழிப்பார், நாங்கள் எல்லோரும் ஏசுவோம் என்றார். வயதாளிகளின் மறதி நோயாகவும் இருக்கலாம், டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று நம் போசகர் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார். அன்றைக்குத்தான் அது காதில் ஏறியது. அதற்கடுத்த மாதம் இரண்டு வீட்டார் பெரியவர்களை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள்.

பிள்ளைகளுக்கு 'அல்பா'. தாத்தா பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வரும் சிறுமி, தீவில் உள்ள பறவைகளைப் போனில் படம் பிடிக்கிறாள், குப்பை பொறுக்குகிறாள், காட்டை அழித்து ஹோட்டல் கட்டுவதை நிறுத்த 50 கையெழுத்துச் சேர்க்கிறாள். ஆடி முடித்த கையோடு நம் பிள்ளைகள் மலைக்கு ஏறி மைனா, செண்பகம், மரங்கொத்தி என்று படம் பிடித்துவந்து பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டினார்கள். பாதிப் படத்தில் பறவையே இல்லை, வெறும் மிலாறு, தேயிலைக் குச்சிதான். அடுத்த கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும் வழியில் உடைந்த படியைத் திருத்தித்தரக் கேட்டு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துச் சேர்த்தார்கள். கடிதம் கொடுத்தாயிற்று. படி இன்னும் அப்படியே இருக்கிறது.

'நெவர் அலோன்' இரண்டு பேர் சேர்ந்து ஆடக்கூடியது. ஒருவர் நூனா என்ற சிறுமி, மற்றவர் வெள்ளை நரி. அலாஸ்காவின் இனுபியாட் மக்களின் கதை. அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் சபையொன்றின் தலைவர் குளோரியா ஓ'நீல் முன்நின்று இதற்காகவே ஒரு கம்பனி தொடங்கினார். 2014இல் கேம் வந்தது. கதைசொல்லி அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறார், கீழே எழுத்து ஓடுகிறது. பனிக்காற்று அடித்தால் இரண்டு பேரும் குனிந்து நிலத்தோடு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போய்விடும். தாயும் மகளும், மாமியும் மருமகளும் என்று சோடி போட்டு ஆடினோம். மாமி–மருமகள் சோடிகள் குறைவாகவே விழுந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். என்னைக் கவர்ந்தது ஒரு பின்னணிச் செய்தி. அந்தக் கதையைச் சொல்லி வந்த பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் மினி கிரேயைத் தேடிப் போய் அனுமதி வாங்கிய பிறகே கேமாக்கினார்கள். பழைய கதையில் பையனாக இருந்தவனை நூனாவாக மாற்றியதும் அதற்குப் பிறகுதான். நம் தாலாட்டையும் காமன் கூத்தையும் வந்து பதிவு செய்துகொண்டு போனவர்கள் எத்தனை பேர் திரும்ப வந்து கேட்டார்கள்?

'அனதர் லொஸ்ட் ஃபோன்' இளம் பெண்களுக்கு மட்டும் என்று வைத்தோம். பிரான்சின் லீல் நகரில் மூன்று பெண்கள் தொடங்கிய அக்ஸிடென்டல் குவீன்ஸ் 2017இல் செய்தது. லோரா என்பவளின் போன் கையில் கிடைக்கிறது. மெசேஜ்களை வாசிக்க வாசிக்க, காதலன் அவளை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கி வைத்தான் என்பது தெரிய வருகிறது. அவன் அடிப்பதில்லை. எங்கே போனாய், யாரோடு பேசினாய், அந்த வேலை உனக்கு எதற்கு, இவ்வளவுதான். பிறத்தியார் போனை நோண்டுவது சரியா என்று ஒரு தங்கச்சி கேட்டார், நியாயமான கேள்வி. முடிவில் மகளிர் உதவி இலக்கம் 1938ஐ வெண்பலகையில் எழுதினோம். அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

'மியூட்டாசியோனே' சரிவரவில்லை. தோட்டம் போட்டுப் பாட்டு வளர்க்கும் அழகான கேம், ஆனால் வாசிப்பு அதிகம். டீச்சருக்குத் தொண்டை கட்டியதும் நிறுத்திவிட்டோம். ஹன்னா நிக்லின் என்ற பெண் தலைமை வகித்த அந்த கோபன்ஹேகன் ஸ்டூடியோ, அடுத்த கேமுக்குக் காசு கிடைக்காமல் 2024இல் வேலையை நிறுத்தியது. காசு விஷயத்தில் வாய் திறப்பேன் என்று சொன்ன இடம் இதுதான். களவுக் கொப்பி போட்டுத் தருகிறேன் என்று இரண்டு மூன்று தம்பிமார் அன்பாக முன்வந்தார்கள். வேண்டாம் என்றோம். கிலோவுக்குக் கிலோ சரியாக நிறுத்துச் சம்பளம் தா என்று கேட்கிற நாம், இன்னொரு பெண்ணின் உழைப்பைச் சும்மா எடுக்க முடியாது. தள்ளுபடி வரும்வரை காத்திருந்துதான் வாங்கினோம், இரவு நேர டேட்டாவில்தான் இறக்கினோம்.

தீபாவளியையொட்டி 'வெண்பா' ஆடியது கணக்கில் வராது. ரொறொன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. நம் விதிப்படி அது தேறாது. ஆனாலும் கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மாவின் சமையல் என்று கேள்விப்பட்ட பிறகு யாரும் விடவில்லை. கிழிந்த சமையல் கொப்பியை வைத்துக்கொண்டு இட்லி அவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்த தம்பிமார் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கோட்டை விட்டார்கள். தோட்டத்தில் அன்றாடம் ரொட்டிதான், இட்லி எங்கே? டவுனில் சைவக் கடையில் வேலை செய்யும் அக்கா வந்து, ஆவி மேலே ஏற வழிவிட்டு ஒரே தடவையில் அடுக்கினார்.

இனி நாமே செய்த கேம். ட்வைன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கோடிங் தெரிய வேண்டியதில்லை. கதையைத் துண்டு துண்டாக எழுதி, இதைச் செய்தால் அங்கே போ, அதைச் செய்தால் இங்கே வா என்று இணைத்தால் போதும். தமிழில் எழுதலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அங்கத்தவர் ஒருவர் இதில் தன் அம்மாவின் ஒரு நாளை எழுதினார். விடிய நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டுவதா, தண்ணிக்குப் போவதா? பிள்ளைக்குக் காய்ச்சல், பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போவதா, நிற்பதா? மழையில் நனைந்த கொழுந்து என்று தராசில் கிலோ வெட்டும்போது கேட்பதா, பேசாமல் இருப்பதா? எந்த வழியில் போனாலும் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடைக்காது. அவருடைய அம்மாவே இரண்டு தடவை ஆடிவிட்டு, "எல்லாம் சரி, அட்டை கடிக்கிறத எழுதலியே" என்றார். அட்டை சேர்க்கப்பட்டது. முடிவில் வரும் பிரசங்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். எழுதியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கேம், அவருடைய இஷ்டம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததிலிருந்து நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. மண்சரிவு அபாயத்தில் இருந்த லயங்களின் குடும்பங்கள் பிள்ளைக் காம்பராவில்தான் தங்கின. லெப்டொப்பையும் மல்டிமீடியா புரொஜெக்டரையும் பொருளாளர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்தோம். கரன்ட் வந்த பிறகு அங்கிருந்த பிள்ளைகளுக்காக 'அல்பா'வை மட்டும் கொஞ்ச நாள் ஓட விட்டோம். சமைத்துக் கொடுத்த, உடுப்புச் சேர்த்த அங்கத்தவர்கள் எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி.

இடம் தந்த தோட்ட நிர்வாகத்துக்கும், மல்டிமீடியா இரவல் தந்த பாடசாலைக்கும், கார்டில் காசு கட்டித் தந்த கொழும்பு உறவினர்களுக்கும் நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரின் முகத்தைப் பார்க்காமல் போவதை நிறுத்தவும்.

வரும் ஆண்டுக்கு மூன்று பிரேரணைகள் உள்ளன. ட்வைன் பயிற்சியை ஆண்பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவது. இரண்டு ஹெட்ஃபோன் வாங்குவது. 1938 எழுதிய வெண்பலகை நிரம்பிவிட்டதால் இன்னொரு பலகை வாங்குவது. இவற்றையும் இவ்வறிக்கையையும் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இவ்வண்ணம்,
செயலாளர்