கையுறை போட்டால் கை சுத்தமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் தொற்றிக்கொள்ளும் நோய்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் கூடப் போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நோயாளியின் கையை நீலக் கையுறை போட்ட ஒரு கை பிடித்திருக்கிறது, அதுதான் சுத்தத்துக்கு அடையாளம் என்பது போல. நான் பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். அந்தக் கையுறையை நம்பித்தான் கை கழுவுவதையே பலர் விட்டுவிடுகிறார்கள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் விட்டிருக்கிறேன்.

என் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் சிறுநீர்ப் பையைக் காலி செய்தார், திரையை இழுத்துவிட்டார், கேஸ் ஷீட்டில் எழுதினார், அப்புறம் நேராக அம்மாவிடம் வந்து டிரிப்ஸ் ஊசி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் அதே ஒரு ஜோடி கையுறையோடு. அவர் அக்கறை இல்லாதவர் இல்லை, அம்மாவிடம் அவ்வளவு பாசமாகப் பேசினார். கையுறை அவரைக் காப்பாற்றியது, அம்மாவைக் காப்பாற்றவில்லை. கிருமிக்குத் தோலும் ஒன்றுதான் ரப்பரும் ஒன்றுதான். அதோடு, கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போது வெளிப்பக்கம் விரலில் படலாம். அதனால் போடும் முன் ஒரு முறை, கழற்றிய பின் ஒரு முறை கையைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஒரு நோயாளிக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போடவே கூடாது.

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான். பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு டாக்டர்களும் மாணவர்களும் அப்படியே பிரசவ வார்டுக்கு வருவார்கள். சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் பிண வாடை கையில் இருந்தது. குளோரின் கலந்த நீரில் கழுவச் சொன்னார். ஏப்ரலில் பிரசவித்த தாய்மார்களில் நூற்றுக்கு 18 பேர் இறந்த அந்த வார்டில் ஜூன் மாதம் அது 2 பேர் அளவுக்கு இறங்கியது. சுத்தமாகத் தெரிகிற கையை நம்பாதே என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எப்போதெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி, கட்டு போன்ற வேலைக்கு முன், ரத்தமோ சளியோ சிறுநீரோ படக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். 'பின்' என்று வருவதை எல்லோரும் ஓரளவு செய்துவிடுவார்கள், ஏனென்றால் அது தனக்கான பயம். தவறிப்போவது 'முன்' என்பதுதான், அது நோயாளிக்கானது. கட்டில் கம்பியையும் மானிட்டர் பொத்தானையும் தொட்டதையோ யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இதற்கு நர்ஸை மட்டும் திட்டினால் நியாயமில்லை. வார்டின் கோடியில் ஒரே ஒரு குழாய், பார்க்க வேண்டியது இருபது நோயாளி என்றால் ஒவ்வொரு தடவையும் யார் போய் வருவார்கள்? ஜெனீவாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் 1994 முதல் 1997 வரை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தை வைத்து, சுவரொட்டிகள் ஒட்டி, எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கவனித்துச் சொல்லியும் வந்தார்கள். கை சுத்தம் செய்வது நூற்றுக்கு 48 தடவையிலிருந்து 66 ஆனது, மருத்துவமனைத் தொற்று வந்தவர்கள் சுமார் 17 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தார்கள். ஆகவே நிர்வாகிகளே, பாட்டிலை கை எட்டும் தூரத்தில் வையுங்கள், தீர்ந்ததும் மாற்றுங்கள். கை வெடித்துப்போனவருக்கு ஆல்கஹால் எரியும், அவர் தவிர்க்கத்தான் பார்ப்பார், கையில் பூசிக்கொள்ள க்ரீமும் கொடுங்கள்.

செய்முறையில் ஒன்றிரண்டு. ஆல்கஹால் என்றால் 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. கட்டை விரலும் விரல் நுனியும்தான் அதிகம் விட்டுப்போகும், நோயாளியை முதலில் தொடுவதும் அவைதான். அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ, சி டிஃப் என்ற குடல் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பார்த்தாலோ சோப்புதான், அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. மோதிரத்தையும் ஒட்டு நகத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நோயாளியோடு இருப்பவர்கள் தயங்காமல் "கை சுத்தம் பண்ணிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்கலாம். அன்று அம்மாவின் பக்கத்தில் இருந்தும் நான் கேட்கவில்லை, அவர் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வெளியிடும்போது, தயவுசெய்து கையுறை இல்லாத இரண்டு கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருக்கும் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ்