மின்சாரக் காருக்கு ஒயர் நீட்டும் நீலகிரி விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி, காட்டேஜ், ஹோம்ஸ்டே உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு வரும் கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களும் பெட்டிகளுமாக 1,900 கிலோ எடையுள்ள மின்சாரக் கார் ஒன்றுக்கு அந்த உயரத்தை ஏற மட்டுமே சுமார் பத்து யூனிட் தேவை. எனவே விருந்தினர் வந்ததும் பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்பதும், நீங்கள் மறுக்க மனமின்றி வரவேற்பறைச் சன்னல் வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயரை வெளியே விடுவதும் வழக்கமாகிவிட்டன. அந்த ஒயரைப் பற்றியே இம்மடல்.

காருடன் தரப்படும் 3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பெரிய கீசரும் ஏறக்குறைய அவ்வளவு இழுக்கிறதே என்று கேட்கலாம். கீசர் தண்ணீர் சூடானதும் தானாக நின்றுவிடும்; கார் இரவெல்லாம் ஓயாமல் இழுக்கும். தொலைக்காட்சிக்கும் செல்பேசிக்கும் வாங்கிய 6 ஆம்பியர் பெட்டியையோ, 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருக உதவும் கன்வெர்ட்டரையோ இதற்குத் தருவது நெருப்புக்கு இடம் கொடுப்பதாகும். சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் (எம்.சி.பி.) விழவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். 16 ஆம்பியர் டிரிப்பருக்கு 15 ஆம்பியர் இயல்பான சுமையே. மெல்லிய ஒயர் உருகுவது அதற்குத் தெரியாது.

கார் நிறுவனங்களின் கையேடுகள் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்கின்றன. என் கருத்தும் அதுவே: வண்டி நிற்கும் இடத்திலேயே, மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் இழுத்து, தனி டிரிப்பரும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்து, மழை படாத மூடியுள்ள 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று அமையுங்கள்.

அது அமையும் வரை ஒயர் வேண்டும் என்றால், வெளியுறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாமல், உள்ளிருக்கும் செம்பின் அளவைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஓடும் மூன்று கோரும் (தனித்தனிக் கம்பிகளும்) செம்பாக, ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டராக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு ஆகாது. 30 மீட்டர் நீளத்துக்கு 15 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுமார் 160 வாட் வெப்பமாக வீணாகிறது, 2.5இல் சுமார் 100 வாட். சுருளாகவே விட்டுவிட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்ந்து உறையை இளக்கிவிடும். நம் ஊர்க் குளிர் அதைக் காப்பாற்றாது. ஆகவே தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள், வாங்கியதை முழுதும் பிரித்துப் போடுங்கள். டிசம்பர், சனவரி உறைபனியில் பி.வி.சி. உறை விறைத்துப்போவதால், ரப்பர் உறையுள்ளது கூடுதல் விலைக்குத் தகும்.

ஒயரைவிட இரு முனைகளே பெரும்பாலும் முதலில் கருகுகின்றன. தளர்ந்த பிளக்கில் 0.2 ஓம் தடை இருந்தாலே 45 வாட் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றுக்கு 25 வாட் போதும். சார்ஜ் தொடங்கி அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பல கார்களில் மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கலாம். 15இலிருந்து 10 ஆம்பியருக்கு இறக்கினால் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். மறுநாள் குன்னூர் வழியாக இறங்கப் போகிறவருக்கு நூறு சதவீதமும் வேண்டியதில்லை. பேட்டரி நிரம்பியிருந்தால், இறக்கத்தில் பிரேக் வழியே திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தை அதனால் ஏற்க முடியாது.

எர்த் இல்லையென்று சார்ஜர் மறுத்தால், நியூட்ரலை எர்த் பின்னோடு இணைத்து அதை ஏமாற்றும் வேலையை எந்த ஒயர்மேனையும் செய்ய விடாதீர்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால், மூடுபனியில் நனைந்து நிற்கும் காரின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். எர்த் குழியைச் சரிசெய்து முடிக்கும் வரை அந்தப் பாயின்ட்டைக் காருக்குத் தராதீர்கள்.

இப்படிக்கு,
குன்னூரில் மின்பணி செய்யும் ஒருவன்