டீ செட்டை எடைக்குப் போட்டுவிடாதே

வண்டிப்பெரியார்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் போனில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. இங்கே சாரல் விட்டபாடில்லை. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டது, தோட்டத்துக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும் பாடு. உன் மகளுக்கு நிச்சயமானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கல்யாணச் செலவுக்காக அப்பாவின் வெள்ளி டீ செட்டைக் கம்பம் ஊரில் எடைக்குப் போடப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறு.

டீ பாட்டின் அடிப்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்காலைத் தூக்கி நடக்கிற சிங்கம், பக்கத்தில் நங்கூரம், ஓர் ஆங்கில எழுத்து, அப்புறம் செய்தவரின் முத்திரை. சிங்கம் என்றால் இங்கிலாந்தில் சோதித்த ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. நங்கூரம் பர்மிங்காமின் அடையாளம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையையும் குத்துவார்கள். இதில் அது இல்லை, ஆகவே பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. சரியான வருஷம் அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் தனி அட்டவணை உண்டு. எழுத்தின் வடிவம், அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவம் இரண்டும் பொருந்த வேண்டும். அந்த இடத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

பால் ஜாடியில் சிங்கம் இல்லையே, போலியோ என்று கேட்டிருந்தாய். அதில் மெட்ராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்தவர்கள். நம் நாட்டில் செய்த அந்தக் கால வெள்ளிக்குச் சிங்க முத்திரை கிடையாது; கம்பெனிப் பெயர்தான் இருக்கும். வயிற்றுப் பகுதியில் சாமி உருவங்களைப் புடைத்திருக்கிறார்களே, அந்த வேலையைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், செட்டில் மதிப்புள்ளது அந்தச் சின்ன ஜாடிதான்.

தட்டு வேறு ரகம். ஈ.பி.என்.எஸ். என்று குத்தியிருந்தால் ஜெர்மன் சில்வர் மேல் வெள்ளி முலாம். ஓரம் மஞ்சளாகத் தெரிவதும் அதனால்தான். உருக்கினால் ஒன்றும் தேறாது.

எடைக்கடையில் கைப்பிடி மரத்தைக் கழித்து, மிச்சத்துக்கு அன்றைய வெள்ளி விலையைப் போடுவார்கள். வேலைப்பாட்டுக்குக் காசு கிடையாது. உரைகல்லில் உரசவோ அரம் வைக்கவோ விடாதே. பளபளப்பாக்குகிறேன் என்று பவுடர் போட்டும் தேய்க்காதே, முத்திரை மழுங்கினால் மதிப்பு போச்சு. ஈயம் வைத்த ஒட்டு இருக்கிறதா, யாருடைய பெயரையாவது சுரண்டி எடுத்து அந்த இடம் மெலிந்திருக்கிறதா என்று பார். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும்.

இணையத்தில் வெளிநாட்டு விலைகளைப் பார்த்து மலைக்காதே. அவையெல்லாம் கேட்கிற விலை. அதோடு, நூறு வருஷம் தாண்டிய பொருளை நாம் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழம்பொருள் ஏலம் நடத்துகிறவர்கள் இரண்டு பேரிடமாவது படம் அனுப்பி மதிப்புக் கேள். டீ பாட்டையும் ஜாடியையும் பிரித்து விற்காதே.

பணம் அவசரம் என்றால் சொல். காய் விற்ற பணம் வந்ததும் அனுப்புகிறேன், செட்டுக்கு நல்ல விலை வரும்போது திருப்பித் தந்தால் போதும். தங்கச்சியிடமும் சொல்லி வை.

அன்புடன்,
செல்வம்