எத்தனை ஓட்டில் தோற்றான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, போட்டியாளர்களுக்காக உருகும் ரசிகர்களை 'வேலையற்றவர்கள்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் படித்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்போது முடியாது. 58 வயதில், என் மகனைவிடச் சின்னப் பையன் ஒருவனுக்கு ரசிகையாகிவிட்டேன்.

அவன் அந்தப் போட்டியிலேயே சிறந்த பாடகன் இல்லை. அது எனக்கே தெரியும். மூன்றாவது வாரம் சரணத்தில் மேலே போகும்போது குரல் பிசிறிவிட்டது. பையன் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வரியைத் தாளம் தப்பாமல், சுருதி பிசகாமல் எடுத்தான். நடுவர்கள் பிசிறியதைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த எடுப்புதான் இரண்டு நாள் காதில் இருந்தது. அடுத்த வாரம் கவனித்தேன்: மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் சின்னதாக ஒரு மூச்சு. கற்றுக்கொண்டுவிட்டான்! பெரிய பாடகர்களும் இப்படித்தான் கற்றிருப்பார்கள். ஆனால் அதை நாம் பார்த்ததில்லையே.

அப்புறம் என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்றவர்கள் பாடும்போது சத்தத்தைக் குறைத்தேன். நன்றாகப் பாடிய ஒரு பெண்ணின் மீது காரணமே இல்லாமல் கோபம் வந்தது. ஒரு போனுக்கு இத்தனை ஓட்டுதான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். சரி, வீட்டில் மூன்று போன் இருக்கிறதே! கணவர் தன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கினார்.

ஆறாவது இடத்தில் அவன் வெளியேறினான். 'மக்கள் தீர்ப்பு' என்றார்கள், முரசு ஒலித்தது, விளம்பரம் வந்தது. எத்தனை ஓட்டு வித்தியாசம்? பத்தா, பத்தாயிரமா? யாரும் சொல்லவில்லை. என் புகார் இதுதான்.

இது சொல்லவே முடியாத ரகசியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடலின் 2003 இறுதிச் சுற்றில் விழுந்த சுமார் 2.4 கோடி ஓட்டுகளில், ரூபன் ஸ்டடார்ட் ஏறத்தாழ 1,34,000 ஓட்டில்தான் கிளே எய்கனை வென்றார் என்று அறிவித்தார்கள். பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் போட்டி முடிந்த பிறகு, வாரவாரம் யாருக்கு எத்தனை சதவீதம் என்று வெளியிட்டார்கள். அதனால்தான் 2010இல் வென்ற மேட் கார்டில் இரண்டாவது வாரத்திலிருந்தே முன்னணியில் இருந்தார் என்பதும், அந்த ஆண்டு மூன்றாம் இடம் பிடித்த ஒன் டைரக்‌ஷன் குழு ஒரு வாரம்கூட முதலிடத்தில் இல்லை என்பதும் தெரியவந்தன.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஒருவரே பல ஓட்டுப் போடலாம் என்றால், அந்த எண்ணிக்கை எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைச் சொல்லாது. எத்தனை பேர் என்னைப் போல ஆகிவிட்டார்கள் என்பதைத்தான் சொல்லும். இருந்தாலும் போட்டவளுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு அல்லவா? உங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் யார் உடை அழகு என்று எழுதும் இடத்தில், ஒரு வாரமாவது இந்தக் கேள்வியைச் சேனல்காரர்களிடம் கேளுங்கள்.

2004இல் அமெரிக்கன் ஐடலில் ஏழாவது இடத்தில் வெளியேறிய ஜெனிபர் ஹட்சன் 2007இல் ஆஸ்கர் விருதே வாங்கிவிட்டார் என்று மகள் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆறாவது ஏழாவதைவிட மேல்தானே என்று நான் உடனே கணக்குப் போட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம், வெளியேறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தரும் வைல்டு கார்டு சுற்றாம். கணவர் போனுக்குப் புதிதாகப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி